பேய்மகளிரும் பெண்ணாற்றலும்

முன்னுரை

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் கொண்டாடும் இந்நன்னாளில், மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். சங்கத்தின் தோற்றம், வளர்ச்சி, நடத்திய படிப்பகங்கள், பயன்பெற்ற மாணவர்கள் ஆகியவை பற்றி எழுதத் தகுதியுடைய பெரியோர் பலர் இருக்கின்றனர். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். பேய், நீலி, அரக்கி, தாடகை, பிடாரி என்னும் பெயர்களைக் கேளாத தமிழ்ப்பெண் இல்லை. எதிர்த்துப் பேசியவள் நீலி, உரக்கச் சிரித்தவள் பேய், உடல் வலிமை உடையவள் தாடகை, அடங்காதவள் பிடாரி. இப்பெயர்கள் எங்கிருந்து வந்தன? இவற்றுக்கு உரியோர் யாவர்? அவர்கள் செய்த குற்றந்தான் யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறையாது கூறுதல் முறை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நாம் உதவி ஆசிரியராகப் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்காக இராமாயண நாடகம் ஒன்றைப் பழக்கினோம். சீதை, கோசலை முதலிய வேடங்களுக்கு ஊர்த்தெருப் பிள்ளைகளையும், தாடகை, சூர்ப்பணகை வேடங்களுக்கு நம் தெருப் பிள்ளைகளையும் தேர்ந்தெடுத்தோம். அவ்வாறு செய்யும்படி நமக்கு எவரும் கட்டளையிடவில்லை. கறுத்த நிறமும் உயர்ந்த உடலும் உரத்த குரலும் அரக்கிக்குப் பொருந்தும் என்று நாமே எண்ணினோம். நம் தெருவிலே பிறந்து வளர்ந்த நாமே அவ்வாறு எண்ணினோம் என்பதுதான் வெட்கத்துக்குரியது.

தாடகை வேடம் ஏற்ற ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒத்திகையின்போது ஒரு வினா எழுப்பினாள். “சார், தாடகையோட புருஷனை முதல்ல கொன்னவங்களை யாரும் ஒண்ணும் கேக்கலையே, அது ஏன் சார்?” என்றாள். நமக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாத ஆசிரியர் பலரும் செய்வதையே நாமும் செய்தோம். “வாயாடாதே நீலி, உன் இடத்துல போய் நில்லு” என்றோம். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். அன்று முதல் அவளுக்குப் பள்ளியில் நீலி என்றே பெயர் வழங்கலாயிற்று. பத்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அதற்குக் காரணங்கள் பல. எனினும் அவற்றுள் நாம் இட்ட பெயரும் ஒன்றோ என்னும் ஐயம் இன்றுவரை நம்மை விட்டு நீங்கவில்லை. அன்று கூறாத விடையை இன்று கூற முயல்கின்றோம்.

சங்க காலத்துப் பேய்மகள்

சங்க நூல்களில் பேய்மகளிர் போர்க்களத்திலே காணப்படுகின்றனர். பிணம் தின்பர்; குருதி தோய்ந்த கையால் கூந்தலைக் கோதுவர்; துணங்கைக் கூத்து ஆடுவர். திருமுருகாற்றுப்படையில் வரும் பேய்மகளுக்கு உலர்ந்த மயிர், ஒழுங்கற்ற பல், சுழலும் விழி, காதிலே கூகையும் பாம்பும் ஆகியன அணிகளாகக் கூறப்பட்டுள்ளன. பெண்ணின் அழகுக்கு இலக்கணமாகப் புலவர் கூறுவன யாவையோ, அவற்றின் மறுதலை எல்லாம் பேய்மகளின் வடிவமாக அமைந்திருத்தலைக் கூர்ந்து நோக்குக.

ஆனால் அதே சங்கத் தொகையுள் மற்றொரு செய்தியும் உண்டு. புறநானூற்றின் 11ஆம் பாடலைப் பாடியவர் பேய்மகள் இளவெயினி என்னும் பெண்பாற் புலவர். பாலை பாடிய பெருங்கடுங்கோ என்னும் சேர மன்னனை அவர் பாடியுள்ளார். ‘எயினி’ என்பது எயினர் குடியிற் பிறந்தவள் எனப் பொருள்படும். எயினராவார் பாலை நிலத்து வேட்டுவர். இவர் பெயருக்கு முன்னுள்ள ‘பேய்மகள்’ என்பதற்குத் தெய்வமேறி ஆடிக் குறி சொல்லும் தேவராட்டி என அறிஞர் பொருள் கொள்வர். அஃதாவது, பேய்மகள் என்பது ஒரு காலத்தில் ஒரு பெண்ணின் பணியைக் குறித்த பெயர். அவைக்கண் மன்னன் முன் நின்று பாடுதற்குத் தடையாக நில்லாத பெயர். சிலப்பதிகாரத்து வேட்டுவவரியில் எயினர் குலத்துச் சாலினி தெய்வமுற்று ஆடி, தன் குடியினரைக் கடிந்து உரைப்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும். ஊரார் கேட்டு நடந்த சொல் அவளுடைய சொல்.

கொல்லிப்பாவையின் வரலாறும் இவ்வாறே திரிந்தது. இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் தெய்வம் அமைத்த பாவை ஒன்று இருந்ததாகச் சங்கப் புலவர் பாடினர். காற்றும் மழையும் இடியும் தாக்கினும் தன் எழில் குன்றாதது அது என்பதே அவர்கள் கூற்று. பிற்காலக் கதைகளிலோ அது சிரித்து மயக்கி ஆடவரைக் கொல்லும் பொறியாக மாறிவிட்டது. அழிக்க இயலாத பெண்ணுருவம், அழிக்கும் பெண்ணுருவமாக ஆக்கப்பட்டது. இம்மாற்றமே நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல்.

தாடகையின் வழக்கு

இனி அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். வான்மீகியின் நூலும் கம்பரின் நூலும் தாடகையின் முன்வரலாற்றை மறைக்கவில்லை. அவள் பிறவியில் அரக்கி அல்லள். சுகேது என்னும் இயக்கன் தவம் செய்து பெற்ற மகள். ஆயிரம் யானையின் வலிமை அவளுக்கு வரமாகக் கிடைத்தது. சுந்தன் என்பானை மணந்து மக்களைப் பெற்றாள். சுந்தன் அகத்திய முனிவரின் சினத்துக்கு ஆளாகி மாண்டான். கணவனை இழந்த சினத்தால் அவள் முனிவரை எதிர்த்தாள், அரக்கியாகுமாறு சபிக்கப்பட்டாள். அதன் பின்னரே அவள் நாடழிக்கும் கொடியவள் ஆனாள் என்கிறது கதை. பெண்ணைக் கொல்லல் தகுமோ என இராமன் தயங்கியதையும், விசுவாமித்திரர் காரணங்கள் கூறி அத்தயக்கத்தை நீக்கியதையும் அந்நூல்களே கூறுகின்றன.

கதையில் முதல் உயிர் போனது யாருடையது? சுந்தனுடையது. முதல் தண்டனை யாருக்கு? அவன் மனைவிக்கு. இந்த வரிசையை அம்மாணவி கண்டாள். இருபது ஆண்டு படித்த நாம் காணவில்லை. சுந்தனும் குற்றமற்றவன் அல்லன் என்று சிலர் வாதிடலாம். இருக்கட்டும். கணவன் செய்த பிழைக்கு மனைவி பொறுப்பாகாள். கணவனை இழந்தவள் கொண்ட சினம் அரக்கத்தனம் ஆகாது. மதுரையில் கண்ணகி கொண்டதும் கணவனை இழந்த சினமே. அவளுக்கு நாம் சிலை எடுத்தோம். தாடகையின் பெயரை வசைச்சொல் ஆக்கினோம்.

இவ்வழியில் மறுபார்வை செலுத்திய நூல்களும் நம் மொழியில் உண்டு. புலவர் குழந்தை 1946ஆம் ஆண்டு வெளியிட்ட இராவண காவியம் தாடகையை அரசியாகக் காட்டிற்று. அந்நூல் 1948ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசால் தடை செய்யப்பெற்று, 1971ஆம் ஆண்டில்தான் தடை நீங்கிற்று. ஒரு கதையைத் திருப்பிச் சொல்வதற்கு இருபத்து மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இளைஞர் உணர வேண்டும்.

அரக்கி எனப்பட்டவளைத் தெய்வமாகக் கொண்ட நாடும் உண்டு. இமாசலப் பிரதேசத்து மணாலியில் வீமன் மனைவியாகிய இடும்பிக்கு மரத்தாலான கோயில் ஒன்று உள்ளது. அது 1553ஆம் ஆண்டு கட்டப்பெற்றது. அம்மலைநாட்டார் அவளை அரக்கி என இகழாமல் தம் அன்னையாகவே போற்றுகின்றனர்.

நீலிக்கண்ணீர்

நம் நாட்டுப் பேய்மகளிருள் தலைமை சான்றவள் பழையனூர் நீலி. திருவாலங்காட்டை அடுத்தது பழையனூர். அங்கு நிகழ்ந்ததாகக் கூறப்படும் கதை பலவாறு வழங்கினும் அதன் சாரம் ஒன்றே. கணவனாலே கொலையுண்ட பெண் ஒருத்தி மறுபிறவியில் பேயாகிறாள். கொன்றவன் வணிகனாகப் பிறந்து அவ்வழியே வருகிறான். நீலி அவன் மனைவியின் உருக்கொண்டு, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைத் தொடர்கிறாள். அஞ்சிய வணிகன் பழையனூர் வேளாளர் எழுபதின்மர் கூடியிருந்த அவையை அடைகிறான். நீலியும் அவ்வவையில் நின்று தன் வழக்கை உரைக்கிறாள், கண்ணீர் விடுகிறாள். அவையினர் அவள் சொல்லை ஏற்று, வணிகன் உயிருக்குத் தாமே பிணை என்று கூறி இருவரையும் ஓரிடத்தில் தங்கச் செய்கின்றனர். இரவிலே நீலி பழி முடிக்கிறாள். சொன்ன சொல் தவறாத எழுபதின்மரும் தீப்பாய்ந்து உயிர் துறக்கின்றனர். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைக் குறித்துள்ளார் என்பதால் இக்கதையின் பழமை விளங்கும்.

வேளாளரின் வாய்மையைப் போற்றுதற்கே இக்கதை பெரிதும் எடுத்தாளப்பட்டது. அவ்வாய்மை போற்றத்தக்கதே. ஆனால் நீலிக்கு எஞ்சியது யாது? ‘நீலிக்கண்ணீர்’ என்னும் தொடர் மட்டுமே. பொய்யழுகைக்கு அது பெயராயிற்று. சற்றே சிந்திப்போம். அவள் வடிவம் பொய். அவள் ஏந்திய குழந்தை பொய். அவள் கண்ணீர் பொய்யா? கொலையுண்டவள் அவள். கொன்றவன் எதிரே நிற்கிறான். அவள் அழாமல் வேறு யார் அழுவர்? நம் மொழி அவளுடைய கண்ணீரை நினைவில் வைத்தது. அவள் கொலையுண்டதை மறந்தது. கொலையை மறந்துவிட்டால் கண்ணீர் நடிப்பாகத்தானே தோன்றும்?

இன்னுமொன்று. அவள் பேயாயிற்றே, வழியிலேயே அவனைக் கொன்றிருக்கலாம். அவ்வாறு செய்யாது அவைக்கு வந்து நின்றாள் என்கிறது கதை. உயிரோடிருந்த காலத்து அவளுக்கு எந்த அவையும் கூடவில்லை. இறந்த பின்னரே அவளுக்காக எழுபதின்மர் கூடினர். தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டாக வழங்கும் நீலி கதையில், அணிகலனுக்காகக் கொலை செய்யப்பட்ட தாசியாக அவள் வருகிறாள். ஊர் மதியாத பெண், நீதி பெறப் பேயாக வேண்டியிருந்தது என்பதே இரு கதைகளும் கூறும் உண்மை.

வாதிட்ட நீலி

நீலிக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. அதனை நம் இளைஞர் பெரும்பாலும் அறியார். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசிக்குத் தலைவி இப்பழையனூர் நீலியே. அது சமணச் சார்புடைய நூல். ஆசிரியர் பெயர் தெரியவில்லை. சமயதிவாகர வாமன முனிவர் உரையோடு அதனை 1936ஆம் ஆண்டு பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார்.

பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டை அடுத்த காளி கோயிலில் உயிர்ப்பலி இட வந்தவர்களை முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர் தடுக்கிறார். சினந்த காளி அவரை விரட்ட நீலியை ஏவுகிறாள். நீலி அச்சுறுத்திப் பார்க்கிறாள். அழகிய பெண்ணாகி மயக்கிப் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. பின்னர் அவள் அவரிடம் அறம் கேட்டு, கொலையை விடுத்து, கற்றுத் தெளிகிறாள். கற்றவள் சும்மா இருக்கவில்லை. நாடெங்கும் சென்று சமய அறிஞரை வாதுக்கு அழைக்கிறாள். குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், புத்தர் ஆகியோரோடு வாதிடுகிறாள். ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதம், பூதவாதம் ஆகிய கொள்கைகளை எதிர்த்து வாதிடுகிறாள். வேதவாதச் சருக்கத்தில், வேதம் எவராலும் செய்யப்படாதது என்னும் கொள்கையையும், வேள்வியில் உயிர் கொல்வதையும், பிறப்பினால் உயர்வு கற்பிப்பதையும் மறுத்துரைக்கிறாள்.

அன்பர்களே! இதனைப் பொறுமையாக எண்ணிப் பார்க்க வேண்டும். நம் மொழியின் தருக்க நூல்களுள் சிறந்த ஒன்று, சுடுகாட்டுப் பேயின் வாயில் அமைக்கப்பட்டிருக்கிறது. இந்நூல் சமணத்தை நிலைநாட்டப் பிற சமயங்களைச் சாடுவது. புத்த தம்மத்தையும் அது விட்டுவைக்கவில்லை. அதன் முடிவுகளை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் பேய் என்று ஒதுக்கப்பட்ட பெண் கல்வியினாலே அவை ஏறினாள் என்னும் செய்தி, கல்விச் சங்கம் ஒன்றின் விழா மலரில் பொறிக்கத்தக்கது. நாம் அம்மாணவியை நீலி என்று இகழ்ந்தபோது, நீலி என்பவள் வினா எழுப்பி விடை பெறாது அடங்காதவள் என்பதை அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் அப்பெயரைப் பாராட்டாகவன்றோ கூறியிருப்போம்!

காரைக்காற் பேய்

அதே திருவாலங்காட்டில் மற்றொரு பேயும் உண்டு. தம்மைக் காரைக்காற் பேய் என்று தாமே அழைத்துக்கொண்ட அம்மையார் அவர். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் ஆகியவற்றை அருளியவர்; தேவார மூவருக்கும் முற்பட்டவர். அவருடைய வாழ்வை நாம் அறிவது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தால்.

மாங்கனி நிகழ்ச்சியை அனைவரும் அறிவர். மனைவியின் ஆற்றலைக் கண்ட பரமதத்தன் மகிழவில்லை, அஞ்சினான். அவளை விட்டுக் கப்பலேறினான். பாண்டி நாட்டில் வேறொரு பெண்ணை மணந்தான். உறவினர் புனிதவதியை அவனிடம் அழைத்துச் சென்றபோது, அவன் அவள் காலில் விழுந்தான். அப்போது அம்மையார் வேண்டிய வரத்தை நோக்குக. கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டா என்று தசையை உதறிப் பேய்வடிவு பெற்றார். பின்னர்த் தலையால் நடந்து கயிலை ஏறினார். இறைவன் அவரை ‘அம்மையே’ என்று அழைத்தான் என்பது புராணம்.

மற்றவர்களுக்குப் பேய்மை சாபமாக வந்தது. இவருக்கோ அது வேண்டிப் பெற்ற விடுதலை. அழகிய உடல் இருக்குமளவும் அவர் ஒருவனுடைய மனைவி. அவன் வேண்டாம் என்றால் கைவிடப்பட்டவர். பேயுருவம் பெற்றபின் எவரும் அவரைக் கொள்வதற்கும் இல்லை, தள்ளுவதற்கும் இல்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் எலும்பு தெரியும் உடலோடு, கையில் தாளமேந்தி, சிரித்த முகத்தோடு அவர் அமர்ந்திருக்கிறார். பாடுபவரின் முகம் அது.

அவர் பாடிய இடம் எது என்பதும் நம் சமுதாயத்துக்கு உரிய செய்தி. அவருடைய மூத்த திருப்பதிகங்கள் சுடுகாட்டைப் பாடுகின்றன. நரியும் கழுகும் எரியும் விறகும் நிறைந்த அவ்விடத்தையே இறைவன் ஆடுமிடமாக அவர் கண்டார். பேய்களுக்கு இருப்பிடமாக விதிக்கப்பட்டது சுடுகாடு. நம் முன்னோருக்குத் தொழிலிடமாக விதிக்கப்பட்டதும் அதுவே. குழி வெட்டியும் பறை முழக்கியும் ஊராரின் இறுதிக் கடனைச் செய்தவர் தீண்டத்தகாதவர் ஆயினர். ஊர் எவ்விடத்தைக் கண்டு அஞ்சியதோ, அவ்விடத்தில் வாழ்ந்தோரையும் உழைத்தோரையும் ஒருசேரத் தள்ளிவைத்தது. ஆகவே பேய்மகளின் வழக்கு நமக்கு அயலார் வழக்கு அன்று.

இயக்கியும் இசக்கியும்

கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களில் இசக்கியம்மன் வழிபாடு மிகுதி. சுடுமண் உருவங்களில் அவள் ஒரு குழந்தையை ஏந்தியிருப்பாள். மற்றொரு குழந்தையைப் பல்லிடையே கவ்வியிருப்பாள். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் அவளுக்குரிய பெருங்கோயில்களுள் ஒன்று. நீலியே இசக்கியானாள் என்பாரும் உளர். ‘இயக்கி’ என்னும் சொல்லே ‘இசக்கி’ ஆயிற்று என்பது அறிஞர் கருத்து. மதுரைப் புறஞ்சேரியில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீண்ட மாதரியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

சமணத்தின் இயக்கியருள் ஒருத்தி அம்பிகை. அவளுடைய கதை உருக்கமானது. பசித்து வந்த துறவிக்குக் கணவனைக் கேளாது உணவளித்தாள் என்பதற்காக, இரு குழந்தைகளோடு வீட்டைவிட்டு விரட்டப்பட்டவள் அவள். இறந்தபின் காவல் தெய்வமாகிய இயக்கியானாள். குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் அவளுடைய சிற்பம் உண்டு. இரு குழந்தைகளோடு நிற்கும் இவ்வன்னைக்கும், இரு குழந்தைகளோடு அச்சுறுத்தும் இசக்கிக்கும் தொடர்பு காண்பது பொருத்தமே. இசக்கியைப் பிள்ளை தின்னி என்று படித்தோர் கூறினும், பிள்ளைப் பேறும் நற்சுகப்பேறும் வேண்டி ஏழைப் பெண்கள் அவளிடமே செல்கின்றனர். அவர்கள் அவளைத் தாயாகவே அறிந்தனர்.

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) இத்துறையில் நமக்கு முன்னோடி. 1907ஆம் ஆண்டு அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில், மக்கள் வணங்கும் தெய்வங்களுக்கும் இகழும் பெயர்களுக்கும் பின்னே மறைந்துள்ள வரலாற்றைத் தேடினார். அம்பிகையம்மனை அவர் அறம் உரைத்த பௌத்த பிக்குணியாகவே கண்டார். அவர் முடிவுகள் அனைத்தையும் இன்றைய ஆய்வாளர் ஏற்பர் என்று கூற இயலாது. ஆனால் நம்மைப் பற்றிப் பிறர் சொன்ன கதையை நாமே படித்து நாமே பொருள் கொள்ள வேண்டும் என்று கற்பித்தவர் அவரே.

தலையும் உடலும்

இறுதியாக, நமக்கு மிக நெருங்கிய கதையைக் கூறுவோம். சமதக்கினி முனிவரின் மனைவி இரேணுகை. நீரிலே கந்தருவன் நிழலைக் கண்டு ஒரு கணம் வியந்தாள் என்பதற்காக, அவள் தலையை வெட்டுமாறு முனிவர் தம் மகன் பரசுராமனைப் பணித்தார். உயிருக்கு அஞ்சி ஓடிய இரேணுகைக்கு நம் சேரிப் பெண் ஒருத்தி அடைக்கலம் தந்தாள். அவளைக் கட்டித் தழுவிக் காத்தாள். பரசுராமன் இருவர் தலையையும் வெட்டினான். பின்னர்த் தாயை உயிர்ப்பிக்கும் வரம் பெற்று வந்தவன், அவசரத்தில் தாயின் தலையைச் சேரிப் பெண்ணின் உடலில் பொருத்திவிட்டான். அவ்வுருவமே மாரியம்மன் ஆயிற்று என்பது நாட்டு வழக்கு.

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் ஆண்டுதோறும் வைகாசி முதல் நாள் நடைபெறும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில், அம்மன் தலை ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டுச் சண்டாளச்சி உடல் மீது பொருத்தப்படுகிறது. பல்லாயிரவர் கண்டு வணங்குகின்றனர். திருவண்ணாமலை மாவட்டத்துப் படவேட்டிலும் அம்மன் தலை வடிவே சிறப்புடையது.

இக்கதையைக் கூறுவோர், தலை உயர்ந்தது, உடல் தாழ்ந்தது என்று பொருள் விரிப்பர். நாம் வேறொன்றைக் காண்கிறோம். ஒரு பெண்ணைக் கணவனும் மகனும் கொல்ல முனைந்தபோது, கதவைத் திறந்தவள் யார்? நம் தெருப் பெண். அடைக்கலம் புகுந்தவளின் குலத்தை அவள் வினவவில்லை. தன் உயிரையே அதற்கு விலையாகக் கொடுத்தாள். அத்தகையவளுக்குக் கதையில் சொந்தப் பெயர் இல்லை; சாதிப் பெயரே உண்டு. அவளுடைய தலை என்னவாயிற்று என்று கேட்போரும் மிகச் சிலரே. தெய்வத்தின் கைகளும் கால்களும் வயிறும் நெஞ்சும் அவளுடையவை. நோய் தீர்க்க நடந்து வரும் கால் அவளுடையது. திருநீறு தரும் கை அவளுடையது. இருந்தும் அவ்வுடலுக்கு உரியோர் பல ஊர்களில் அக்கோயிலின் வாயிலுக்கு வெளியேதான் நிறுத்தப்பட்டனர்.

ஓர் எச்சரிக்கை

இவ்வளவு கூறியபின் ஓர் எச்சரிக்கையும் தேவை. இவை கதைகள், கல்வெட்டுகள் அல்ல. தாடகை உண்மையில் வாழ்ந்தாள் என்றோ, நீலி இன்ன ஆண்டில் இறந்தாள் என்றோ நாம் கூறவில்லை. கதை நிகழ்ந்ததா என்பது ஒரு வினா. கதையை யார், எதற்காக, எவ்வாறு சொன்னார்கள் என்பது வேறொரு வினா. நாம் இரண்டாவதையே ஆராய்ந்தோம்.

அன்றியும், பெண்ணைத் தெய்வமாக்குவதனால் மட்டும் பெண்ணுக்கு உரிமை வந்துவிடாது. இசக்கிக்குப் பொங்கலிடும் வீட்டிலேயே பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துகிறோம். நம் ஊர்களில் பேய் பிடித்ததாகக் கூறப்படுவோர் பெரும்பாலும் இளம்பெண்களும் புதுமணப் பெண்களுமே. பூசாரி உடுக்கையை அடித்து, “நீ யார்? உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கிறார். அப்போது அவள், தன் வாயால் கூற முடியாதவற்றையெல்லாம் பேயின் வாயால் கூறுகிறாள். மாமியாரையும் கணவனையும் பெயர் சொல்லித் திட்டுகிறாள். வேண்டாத திருமணத்தையும், வாங்கிய அடியையும், பசியையும் கூறுகிறாள். ஊரே கூடி அமைதியாகக் கேட்கிறது. அவ்வினாவை அவளிடம் முன்னரே, உடுக்கையும் சாட்டையும் இல்லாமல், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டிருந்தால் பேய்க்கு வேலை ஏது?

அண்ணல் அம்பேத்கர் 1942ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அச்சமுதாயப் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளவிடுவதாக அறிவித்தார். தெய்வமாகிய பெண்கள் எத்தனை பேர் என்று அவர் எண்ணவில்லை. படித்த பெண்கள் எத்தனை பேர் என்றே கேட்டார். மக்களுக்குக் கல்வி தருக, திருமணத்துக்கு விரையற்க என்பதே அம்மாநாட்டில் அவர் பெண்களுக்குக் கூறிய அறிவுரை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன மூன்று. பேய், நீலி, அரக்கி என்பன பெரும்பாலும் தீங்கிழைக்கப்பட்ட பெண்கள் தீங்கை எதிர்த்தபோது பெற்ற பெயர்கள். அப்பெயர்களுக்குள்ளே வலிமை, அறிவு, பாட்டு, அடைக்கலம் தரும் நெஞ்சு ஆகியன மறைந்துள்ளன. அவற்றை மீட்டெடுக்கும் கடமை, அதே முறையில் பெயர் சூட்டித் தள்ளிவைக்கப்பட்ட நமக்கே முதலில் உரியது.

இளைஞர்களே! உங்களிடம் வேண்டுவன சில உண்டு. உங்கள் பாட்டிமாரிடம் சென்று அவர்கள் அறிந்த நீலி கதை, இசக்கி கதை, மாரியம்மன் கதை ஆகியவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். ஏட்டில் ஏறாத கதைகள் பல அவர்களோடு மறைந்து வருகின்றன. வீட்டில் கேள்வி கேட்கும் தங்கையை நீலி என்றும் பிடாரி என்றும் வாயடைக்காதீர்கள். பத்தாம் வகுப்போடு எந்தப் பெண்ணின் படிப்பும் நின்றுவிடாதபடி நம் சங்கம் தெருத்தெருவாகக் கணக்கெடுக்க வேண்டும். நிற்கும் நிலையில் உள்ள பெண்ணின் வீட்டுக்கு நிர்வாகிகள் நேரில் செல்ல வேண்டும். வெள்ளி விழாவின் நினைவாக இஃதொன்று நடந்தால் அதுவே போதும்.

அம்மாணவி இன்று நடுவயதை அடைந்திருப்பாள். இம்மலர் அவள் கைக்குக் கிட்டுமோ, கிட்டாதோ நாம் அறியோம். கிட்டினால், அவளுக்குக் கூற வேண்டுவது இதுவே: நீ கேட்ட வினா சரியானது. தாடகையின் கணவனைக் கொன்றவரை எவரும் கேட்கவில்லை. கேட்டவள் நீ ஒருத்தியே. உன்னை வாயடைத்தது நம் பிழை.